நெருப்பு வைத்துப் பார்க்காத சரக்கு

அன்றைக்குக் கொட்டகையில் இருந்தவர்கள் ஏழு பேர். எங்கள் வீட்டுக்காரர். நான். ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டெண்டாக இருந்துகொண்டு, வாரத்தில் இரண்டு நாள் எங்களிடம் வந்து காய்ச்சும் பக்குவத்தைப் பார்த்துக்கொடுத்த மனிதர். அவரை எல்லோரும் லேப்காரர் என்போம். கழிவு பிரிக்கிற இரண்டு பெண்கள், என் வயதுக்காரியைப் பெரியவள் என்போம், இன்னொருத்தி சின்னவள். எங்கள் மகளின் மாமனார், அதாவது சம்பந்தி. அவர் கொண்டுவந்த லாரியின் டிரைவர். மூட்டை இறக்கின ஆட்கள் இரண்டு பேர் வேலை முடிந்ததும் டீக்கடைக்குப் போய்விட்டார்கள், அவர்களைச் சேர்க்கவில்லை.

இந்த ஏழு பேரை நான் மனசுக்குள் நிறைய தடவை எண்ணியிருக்கிறேன். சரக்கை ஏன் நெருப்பு வைத்துப் பார்க்காமல் இறக்கினோம் என்ற கேள்வி பிற்பாடு வந்தபோது ஆளுக்கொருவரைக் கை காட்டினார்கள். வீட்டுக்காரர் லேப்காரரைச் சொன்னார். லேப்காரர் பெரியவளைச் சொன்னார். பெரியவள் டிரைவரைச் சொன்னாள், அவன்தான் அவசரப்படுத்தினானாம். யாரும் என்னைச் சொல்லவில்லை. தீப்பெட்டியை எடுத்து மடியில் செருகிக்கொண்டது நான்.

கணபதி ஏரியாவில் லேத் பட்டறைகளுக்கு நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வாடகைக் கொட்டகை எங்களுடையது. தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அதை நடத்தினோம். என்ன தொழில் என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று சொல்ல வராது. பாலியெஸ்டரைக் கரைக்கிற தொழில். மில்லிலும் தையல் கம்பெனியிலும் வீணாகும் பாலியெஸ்டர் நூலையும் துணித் துண்டையும் வாங்கிவந்து, பிரித்து, பொடியாக வெட்டி, கெட்டிலில் போட்டு, கிளைக்கால் என்கிற கொழகொழத்த திரவத்தை ஊற்றி, துத்தநாக உப்பு ஒரு பிடி போட்டுக் காய்ச்சுவோம். வடை சுடும் எண்ணெயைவிடச் சூடு அதிகம் வேண்டும். ஐந்து மணி நேரத்தில் நூல் இருந்த இடம் தெரியாமல் பாகாகிவிடும். அதோடு இன்னொரு வெள்ளைப் பொடியைச் சேர்த்து மறுபடியும் காய்ச்சினால் ரெசின். அவிநாசி ரோட்டில் பட்டன் கம்பெனி வைத்திருந்த ஒருவர் அதை வாங்கி, தகடாக ஊற்றி, வட்டம் வட்டமாக வெட்டிச் சட்டைப் பட்டன் ஆக்குவார்.

கெட்டில் என்று நாங்கள் சொன்னது பக்கத்துப் பட்டறையில் வளைத்துப் பற்றவைத்த ஒரு எவர்சில்வர் கலம். ஆள் உட்காரும் உயரம். வெளிச்சுவருக்கும் உள்சுவருக்கும் நடுவில் எண்ணெய், அடியில் விறகு அடுப்பு, மேலே மோட்டார், மோட்டாரிலிருந்து உள்ளே இறங்கும் துடுப்பு. அதை வாங்க எங்கள் விவசாயக் காட்டில் பாதியை விற்றிருந்தோம். அதனால் அந்தத் துடுப்பு சுற்றும் சத்தம் கொஞ்சம் மாறினாலும் செய்கிற வேலையை விட்டு எழுந்து போய்ப் பார்ப்பேன்.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். லேப்காரர் கரும்பலகையில் எழுதிக் காட்டிய எழுத்துகள் எனக்கு விளங்கியதில்லை. ஆனால் நெருப்புச் சோதனை எனக்கு நன்றாக வரும். எந்த மூட்டை வந்தாலும் ஒரு இழையை உருவித் தீக்குச்சியைக் காட்ட வேண்டும். சுத்தமான பாலியெஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருண்டு பின்வாங்கும், உருகும், கறுப்புப் புகை விடும், ஆறினால் கடுகு மாதிரி கெட்டியான ஒரு மணி நிற்கும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம் வரும், ஊதினால் பறக்கிற சாம்பல். இரண்டும் கலந்த நூல் என்றால் கரியாக நின்று, தொட்டால் பொடியும். கலப்பு நூல் கெட்டிலுக்குள் போகக்கூடாது. பருத்தி கரையாது, கருகும். லேப்காரர் முதல் நாளே சொல்லிக் கொடுத்த ஒரே சட்டம் அதுதான். பள்ளிப் படிப்பு முடித்து, கல்யாணம் ஆகும்வரைக்கும் எங்கள் மகளும் என்னோடு உட்கார்ந்து இழை பற்றவைத்துப் பழகியவள். கண்ணை மூடிக்கொண்டு மோந்தே சொல்லிவிடுவாள்.

அவளைச் சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். கல்யாணமாகி எட்டு மாதம், மூன்று மாதமாக முழுகாமல் இருந்தாள். மாப்பிள்ளை வீட்டில் வாழைத்தோட்டமும் மஞ்சள் காடும் உண்டு, சம்பந்தி அதோடு மில் கழிவு வாங்கி விற்கிற வியாபாரமும் செய்தார். நல்ல மனிதர் என்றுதான் ஊரில் சொன்னார்கள். எனக்குத்தான் மனசு ஒரு இடத்தில் நிற்காது. எங்கள் வீதியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டில் நான்கு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். காரணம், அவள் அப்பா தன் சம்பந்தியிடம் வாங்கின ஒரு தண்ணி மோட்டார் ஓடவில்லை என்று போய்க் கேட்டுவிட்டார். மோட்டாரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், பெண்ணையும் அனுப்பிவிட்டார்கள். காலையில் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அவள் அந்தக் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டு வாசற்படியில் இருப்பாள். நான் பார்க்காத மாதிரி போவேன்.

அதனால் சம்பந்தியே எங்களுக்குச் சரக்குப் போடுகிறேன் என்று சொல்லியனுப்பியதும் எனக்கு வேண்டாம் என்றுதான் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் கேட்கவில்லை. உறவுக்காரர் இருக்கும்போது வெளியாளிடம் வாங்கினால் அதுவே ஒரு குறையாகப் போகும் என்றார். அதுவும் சரிதான். எந்தப் பக்கம் போனாலும் ஒரு குழி இருந்தது.

முப்பது பேல், சாக்கில் இறுக்கிக் கட்டின பெரிய மூட்டைகள், வந்தது. சம்பந்தி லாரியிலிருந்து இறங்கும்போதே கையில் தட்டத்தோடு இறங்கினார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்புப் பழம்.

"மொத மொதல்ல உங்களுக்குப் போடற சரக்குங்க. வெறுங்கையோட எப்புடிங்க வாரது?" என்றார்.

முதலில் இறங்கின பேலைக் கிழக்குப் பார்த்து வைக்கச் சொல்லி, சாக்கின் மேல் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். நாங்களும் கும்பிட்டோம். அந்த நேரத்தில் எனக்கு மனசு நிறைந்துதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

லேப்காரர்தான் தொண்டையைச் செருமினார். வழக்கம்போல ரெண்டு மூணு பேலில் இழை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று என் வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னார். சம்பந்தி காதில் அது விழுந்தது. "பாக்கறதுன்னா பாத்துக்குங்க, நமக்கென்னங்க" என்று சிரித்தார். சிரித்தவர் பாக்கை வாயில் போடாமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

பெரியவள் என் பக்கம் சாய்ந்தாள். "ஏனுங்கக்கா, குங்குமம் வெச்ச சரக்குக்குக் கொள்ளி வெக்கறதுங்களா? புள்ள வேற முழுகாம இருக்குது."

அவ்வளவுதான் அவள் சொன்னது. பிரிக்கிற மேடையின் ஓரத்தில் இருந்த தீப்பெட்டியை எடுத்து மடியில் செருகினேன்.

"தீப்பெட்டி எங்க புள்ள?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"இங்கதான் வெச்சனுங்க. காணமுங்க."

லாரி டிரைவர் அவனாகவே சட்டைப் பைக்குள் கை விட்டான். அவனிடம் பீடியும் தீப்பெட்டியும் இருந்தது எல்லோருக்கும் தெரியும். சம்பந்தி முகத்தைப் பார்த்தவன் கையை அப்படியே வெளியே எடுத்து மூக்கைச் சொறிந்துகொண்டான். சின்னவள் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"உடுங்க சார், நம்ம ஒறம்பர" என்று உறவைச் சொல்லி எங்கள் வீட்டுக்காரர் முடித்துவிட்டார். சம்பந்தி முன்பணம் வாங்கிக்கொண்டு, மீதியை மெதுவாகக் கொடுத்தால் போதும் என்று சொல்லி, மகளுக்கு என்று நான் செய்து வைத்திருந்த எள்ளுருண்டையையும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மேலே அடுக்கியிருந்த பேல்கள் சுத்தமான பாலியெஸ்டர்தான். அதிலிருந்து இரண்டு தடவை காய்ச்சினோம், பாகு தேன் நிறத்தில் இறங்கியது. பட்டன் கம்பெனிக்காரர் இது போலவே தொடர்ந்து கொடுத்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். எங்கள் வீட்டுக்காரர் அன்று மாலை ஆர்.எஸ்.புரம் போய் மகளின் வளைகாப்புக்குச் சேலை விலை கேட்டுவிட்டு வந்தார். நானும் ஒரு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

மூன்றாவது தடவை, விறகு வைத்து ஒரு மணி நேரம் இருக்கும், கெட்டிலின் மேல்குழாயிலிருந்து காகிதம் எரிகிற வாசம் வந்தது. நான் மேடையில் இருந்து எழுந்தேன். துடுப்பின் சத்தம் கரகரத்தது. எங்கள் வீட்டுக்காரர் அடியிலிருந்த விறகை இழுத்துப் போட்டார். ஆனால் எண்ணெயில் ஏறின சூடு அப்படிச் சட்டென்று இறங்குமா? உள்ளே நுரை பொங்கி மூடியின் ஓரத்தில் கசிந்தது. மோட்டார் ஒரு தடவை உறுமியது, நின்றது. ஸ்விட்சை அணைக்கச் சொல்லி எல்லோரும் கத்தினோம், அணைத்த பிறகும் கத்திக்கொண்டிருந்தோம்.

மறுநாள் ஆறிய பிறகு மூடியைத் திறந்தோம். அடிப்பிடித்த ராகிக்களி மாதிரி உள்ளே கறுத்து இறுகிக் கிடந்தது. அதற்குள் நார் நாராக, முடி மாதிரி. துடுப்பு அதில் புதைந்து நின்றது. உளியும் சுத்தியலும் வைத்துப் பெயர்க்க நான்கு நாள் ஆனது. துடுப்பின் தண்டு வளைந்துவிட்டது, மோட்டாரின் செம்புக் காயில் கருகிவிட்டது. லேப்காரர் ஒரு கட்டியை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார். எங்களைப் பார்க்காமலே, "பருத்திங்கண்ணா" என்றார்.

இப்போது நெருப்பு வைத்துப் பார்த்தோம். மிச்சமிருந்த பேல் ஒவ்வொன்றையும் அறுத்து, மேலே, நடுவே, அடியில் என்று இழை எடுத்து நானே பற்றவைத்தேன். இருபத்தாறு பேலில் மூன்று மட்டும் மணி கட்டியது. மீதி எல்லாம் கரியாக நின்று, விரலால் தொட்டதும் பொடிந்தது. சட்டைத்துணி நெய்கிற கலப்பு நூலின் கழிவு. பார்வைக்கும் தொட்டுப் பார்ப்பதற்கும் வித்தியாசமே தெரியாது, அதே வழவழப்பு, அதே வெள்ளை. சம்பந்தி ஏமாந்தாரா, தெரிந்தே அனுப்பினாரா என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சாக இருந்தது. காலையில் எங்கள் வீட்டுக்காரர் பாவம் மில்லில் அவரை ஏமாற்றியிருப்பார்கள் என்பார். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தால், முப்பது வருஷம் கழிவில் புரண்டவருக்குத் தெரியாமல் போகுமா என்பார். நான் இரண்டுக்கும் தலையாட்டுவேன்.

திருப்பி அனுப்பலாம் என்று லேப்காரர் சொன்னார். அவருக்குக் கல்யாணமாகவில்லை.

அவர்தான் இன்னொரு வழியும் சொன்னார். திருப்பூரில் பனியன் துணியைக் கழுவும்போது என்சைம் என்று ஒன்றைத் தண்ணீரில் விடுகிறார்களாம். துணி மேல் நிற்கும் பஞ்சு முடியை அது தின்றுவிடுமாம், துணி மொழுமொழுவென்று ஆகிவிடுமாம். பருத்தியைத்தான் தின்னும், பாலியெஸ்டரைத் தொடாது. முடியைத் தின்கிறது என்றால் அதிகம் விட்டு அதிக நேரம் வைத்தால் முழுப் பருத்தியையும் தின்னும், பாலியெஸ்டர் மட்டும் மிஞ்சும், அதைக் கெட்டிலில் போடலாம் என்றார்.

"கரையானாட்டங்களா சார்?" என்று பெரியவள் கேட்டாள்.

"அப்புடித்தான் வெச்சுக்குங்க. ஆனா உசுரு கெடையாது."

"உசுரு இல்லாதது எப்புடிங்க திங்கும்? எங்க ஊட்டுக்காரரு உசுரோடதான் இருக்காரு, வெச்ச சோத்தத் திங்க மாட்டீங்கறாரு." சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல நாள் கழித்து அந்தக் கொட்டகையில் கேட்ட சிரிப்பு அது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சாயப்பட்டறைகளுக்கு மருந்து விற்கும் கடையில் ஐந்து லிட்டர் கேன் வாங்கினோம். பழுப்பு நிறம், புளித்த மாவு மாதிரி வாசம். விலையைக் கேட்டு எங்கள் வீட்டுக்காரர் கடைக்காரரிடம் இரண்டாம் தடவை கேட்டார். விருந்துக்குச் சோறு வடிக்கிற அலுமினியக் குண்டா ஒன்றை வாடகைக்கு எடுத்து, வெட்டின நூலைப் பத்துக் கிலோ போட்டு, புளிப்புக்கு அசிட்டிக் ஆசிட் கொஞ்சம் ஊற்றி, என்சைமை விட்டோம். தண்ணீர் ஐம்பது டிகிரியில் நிற்க வேண்டும். குறைந்தால் அது தின்னாது, அறுபதைத் தாண்டி ஏறினால் கெட்டுப்போகும். தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்காருகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். கவலைப்படுகிறவளுக்கு ஏற்ற வேலைதான். பகல் முழுக்க நான், இருட்டினால் எங்கள் வீட்டுக்காரர். ஒரு விறகை உள்ளே தள்ளுவேன், ஐம்பத்திரண்டு ஆகும். வெளியே இழுப்பேன், நாற்பத்தெட்டு ஆகும். உசுரில்லாத ஒன்றைச் சாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று யாரிடம் கேட்பது?

இரண்டாம் நாள் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெளுத்தது. லேப்காரர் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, சர்க்கரை இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டார். நானும் நக்கிப் பார்த்தேன். எனக்குப் புளிப்பு மட்டும்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் எடுத்து அலசிக் காயவைத்தோம். நூல் மெலிந்து பட்டு மாதிரி வழுக்கியது. தீக்குச்சி வைத்தேன். உருகியது. உருகிக்கொண்டே காகித வாசமும் விட்டது. ஆறினதும் பாதி மணி, பாதி கரி.

லேப்காரர் எடை போட்டுப் பார்த்து, இருந்த பருத்தியில் பாதிகூடப் போகவில்லை என்றார். முறுக்கின நூலுக்குள் பருத்தியும் பாலியெஸ்டரும் பின்னிக் கிடக்கிறது, என்சைம் மேலே இருப்பதைத் தின்கிறது, உள்ளே போக வழியில்லை. முதலில் மாவாக அரைத்திருக்க வேண்டும், இல்லை என்றால் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்திருக்க வேண்டும், அப்புறம் ஒரு வாரம் என்சைமில். அவர் சொல்லிக்கொண்டே போனார். கேன் பாதி காலியாகியிருந்தது. இருபத்து மூன்று பேலுக்கு எத்தனை கேன் என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்கவில்லை. பீடி பற்றவைக்கப் பின்பக்கம் போனார். அவர் அந்தப் பழக்கத்தை விட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

அதற்குள் பட்டன் கம்பெனிக்காரர் வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்துவிட்டார். நீங்கள் சொன்ன தேதிக்கு வரவில்லையே என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

நான் போய் சம்பந்தியிடம் சொல்கிறேன் என்று கிளம்பினேன். எங்கள் வீட்டுக்காரர் போனால் வார்த்தை தடிக்கும், பொம்பளை போனால் மகளைப் பார்க்க வந்த மாதிரி இருக்கும், நடுவில் பதமாகச் சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்தேன். மஞ்சப்பையில் கீழே ஒரு கைப்பிடி கலப்பு நூல், மேலே முறுக்கும் மாதுளம்பழமும். பஸ்ஸில் புளியம்பட்டி தாண்டும்வரைக்கும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். 'குத்தமா நெனைக்காதீங்க, உங்களையும் அந்த மில்லுக்காரங்க ஏமாத்திப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க.' இதுதான் நான் தயார் செய்து வைத்த வார்த்தை. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

வாசலில் செருப்பை விடுவதற்குள் சம்பந்தியம்மா ஓடி வந்து பையை வாங்கப் பார்த்தார். நான் விடவில்லை. அதுவே ஒரு மாதிரியாகப் போய்விட்டது. சொம்பில் தண்ணீர், அப்புறம் காபி, அப்புறம் கட்டாயம் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று கோழி அடிக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். மகள் கன்னம் உப்பி, நல்ல நிறமாக இருந்தாள். வாந்தி நின்றுவிட்டதாம். மாமியார் அவளை ஒரு குடம் தூக்க விடுவதில்லை என்று சொன்னாள்.

சமையல்கட்டில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தபோது அவள் பையிலிருந்து முறுக்கை எடுத்தாள். அடியில் கை பட்டது. நூலை வெளியே எடுத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு இழையை உருவி, எரிந்துகொண்டிருந்த ஸ்டவ்வில் காட்டினாள். கரி நின்றது. அதை மூக்கருகே கொண்டுபோகக்கூட இல்லை, சிங்க்கில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"எத்தன பேலுங்கம்மா?"

"இருபத்தி மூணு கண்ணு. கெட்டிலும் போச்சு."

அவள் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள். "இங்க சொல்லிப்போடாதீங்கம்மா. அவுங்க நல்லவுங்கதான், ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க. ஆனா நாளைக்கு என்ற கைல தண்ணி வாங்கிக் குடிக்கறப்ப, இவுங்கப்பன் நம்மளக் கள்ளனாக்குனவருன்னு நெனப்பு வருமல்லங்க. இந்த ஊட்டுல இருந்து பொழைக்க வேண்டியது நானுங்கம்மா."

எங்கள் வீதிப் பெண் வாசற்படியில் குழந்தைக்குத் தலை சீவுவது கண் முன்னால் வந்தது. மகள் மீதி நூலைச் சுருட்டி அடுப்புக்குப் பின்னால் இருந்த குப்பைக் கூடையில் போட்டு, அதன் மேல் வெங்காயத் தோலைப் போட்டு மூடினாள்.

சாப்பிடும்போது சம்பந்தி எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மழை பற்றிப் பேசினார், மஞ்சள் விலை பற்றிப் பேசினார். எனக்குத் தெரியும், கேட்கப்போகிறார் என்று. இலையில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த மகளின் கை தெரிந்தது.

"அப்பறங்க சம்பந்தியம்மா, சரக்கு எப்புடிங்க இருந்துது?"

"நல்லாருந்துதுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தால் இவருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சத்தியம் செய்வேன். இல்லை, எல்லாம் தெரிந்து நான் என்ன சொல்கிறேன் என்று காத்திருந்தவர் நிம்மதியானாரா, அதுவும் இருக்கலாம். இத்தனை வருஷம் கழித்தும் அந்த முகத்தை நான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், விளங்கவில்லை.

"நானே பயந்துட்டிருந்தனுங்க. மில்லுல கொஞ்சம் அப்புடி இப்புடிச் சொன்னாங்க. உங்களுக்குச் சரியாப் போச்சுன்னா நெம்பச் சந்தோசமுங்க. இன்னொரு இருவது பேல் கெடக்குது, அடுத்த வாரமே அனுப்பிச்சுப்போடறனுங்க. பணத்துக்கு என்னங்க அவசரம்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. நல்லாயிருக்கிற சரக்கை யாராவது வேண்டாம் என்பார்களா? கெட்டில் பழுது என்று சொல்லலாம். எப்படிப் பழுதானது என்று அடுத்துக் கேட்பார். "சரிங்க" என்றேன். மகள் குழம்புப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பன் புள்ள" என்றார். அன்றைக்குத்தான் தீப்பெட்டி விஷயத்தையும் அவரிடம் சொன்னேன். தெரியும் என்பது மாதிரித் தலையை ஆட்டினார்.

சொன்ன வாரமே இருபது பேல் வந்தது. இந்தத் தடவை சம்பந்தி வரவில்லை, டிரைவர் மட்டும் வந்தான். அதிலும் முன்பக்கத்துப் பேலின் சாக்கில் குங்குமம் வைத்திருந்தார்கள். பெரியவள் அதைப் பார்த்துவிட்டு மேடையைக் கூட்ட ஆரம்பித்தாள். இறக்கின பிறகு நெருப்பு வைத்துப் பார்த்தோம். எதற்குப் பார்த்தோம் என்று தெரியவில்லை, பழக்கம். ஒரு பேல்கூட மணி கட்டவில்லை.

பழுது பார்த்த கெட்டில் முன்பு போல ஓடவில்லை. மணி கட்டின அந்த மூன்று பேல் தீர்ந்த பிறகு ஓட்டவும் எங்களிடம் நல்ல சரக்கு இல்லை, வாங்கக் கையில் பணமும் இல்லை. வெளியாளிடம் வாங்கினால் சம்பந்திக்குத் தெரிந்துவிடும் என்ற பயமும் இருந்தது. லேப்காரர் அதற்குப் பிறகும் சில தடவை வந்தார். ஒரு சீசாவில் காஸ்டிக்கில் ஊறவைத்த நூலை என்சைமில் போட்டு, பத்து நாள் கழித்துச் சுத்தமாக மணி கட்டுகிற இழையை எடுத்துக் காட்டினார். முடியும், பாருங்கள், முடிகிறது என்றார். ஒரு கைப்பிடி இருந்தது அது. நான் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. எங்களுக்குப் பின்னால் நாற்பத்து மூன்று பேல் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னதில் எதுவும் பொய்யில்லை.

மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவளுக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. மாமியார் மடியில்தான் அவன் வளர்ந்தான். நான் போகும்போதெல்லாம் மகள் கையால் சம்பந்தி தண்ணீர் வாங்கிக் குடிப்பதைக் கவனித்துப் பார்ப்பேன். சாதாரணமாகத்தான் குடிப்பார். அந்த ஒரு விஷயத்தில் நான் செய்தது சரி என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்வேன், யாரிடமும் கேட்டதில்லை.

கெட்டிலை ஒரு சோப்புக் கம்பெனிக்காரருக்கு விற்றோம். பேல்களை மெத்தை தைக்கிறவர் வந்து, கலப்பு என்று மோந்து பார்த்தே சொல்லி, கிலோ மூன்று ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு போனார். இரண்டு பணத்தையும் சேர்த்துச் சம்பந்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, எங்கே விற்றீர்கள், எதற்கு விற்றீர்கள் என்று அவர் கேட்கவில்லை. எண்ணாமலே வாங்கி அலமாரியில் வைத்தார். மீதியைப் பிறகு தருகிறோம் என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னதற்கு, "அதைய ஏனுங்க நெனச்சுட்டு" என்றார். நாங்கள் வேறு வேலைகளுக்குப் போனோம். பண்டிகை நோம்பி நாளில் மாற்றி மாற்றிப் போய்வந்தோம். ஒவ்வொரு தடவையும் கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டு கிளம்புவோம், பழமும் பூவும் மட்டும் கொடுத்துவிட்டு வருவோம்.

சம்பந்தி இப்போது இல்லை. எங்கள் வீட்டுக்காரரும் இல்லை. மாப்பிள்ளைக்கு இந்தப் பாக்கி விஷயம் தெரியுமா என்று மகளிடம் ஒரு தடவை கேட்டேன், அதை விடுங்கள் என்று பேச்சை மாற்றிவிட்டாள். பணத்தைக் கொடுத்தால் எதற்கு இவ்வளவு நாள் கழித்து என்று கேள்வி வரும், கொடுக்காமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்.